வளைவில் பாக்கியமக்கா கட்டிய மதில்

போன மாதம் என் வீட்டு வேலி உயரமாகிவிட்டது என்று பிரதேச சபையிலிருந்து ஆள் வந்தது. நான் தலை நரைக்கும்வரை வேலை பார்த்து ஓய்வுபெற்ற அதே சபை. ரோட்டோரம் நான் ஆசையாக வளர்த்த காட்டுச் சூரியகாந்தி, மழை விட்டதும் ஆளை மறைக்கும் அளவுக்கு எழும்பிவிட்டது. குறுக்கு ரோட்டிலிருந்து வரும் ஆட்டோக்காரர்களுக்குப் பெரிய ரோடு தெரியவில்லை என்று யாரோ முறைப்பாடு செய்திருக்கிறார்கள். சொன்னது நியாயம்தான். ஊரார் வேலியை எல்லாம் நாடா பிடித்து அளந்து திரிந்தவளுக்குத் தன் வேலி கண்ணில் படவில்லை.

வந்தவள் நிரோஷனி. என் இடத்துக்கு வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர். உட்கார்ந்தாள், தேத்தண்ணி குடித்தாள், பிஸ்கட் சாப்பிட்டாள், என் முழங்கால் வலியை விசாரித்தாள், டேலியாப் பூவைப் புகழ்ந்தாள். கையில் இருந்த கடிதம் மட்டும் பைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. எனக்கே பாவமாகிவிட்டது.

"எவ்வளவு வெட்டணும், புள்ள?" என்றேன்.

அவளுக்குப் புரையேறியது. "மிஸ், உங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னே தெரியல."

"தேத்தண்ணிக்கு முன்னாடி சொல்லியிருக்கணும். குடிச்சிட்டா அப்புறம் வாய் வராது."

அது என் சொந்தச் சரக்கு இல்லை. எனக்கு மேலதிகாரியாக இருந்த குணதிலக்க சேர் போட்ட சட்டம். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். நிரோஷனி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இப்பல்லாம் வேலியப் போட்டோ எடுத்து போனுக்கு அனுப்பிடுறாங்க மிஸ். நாங்களும் அதப் பாத்தே முடிவு சொல்லிடுறோம். இதயெல்லாம் எழுதி வைங்களேன்" என்றாள். அன்று சாயங்காலமே கத்தியை எடுத்து வேலியை வெட்டினேன். எழுதத்தான் இத்தனை நாள் பிடித்தது.

நான் ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிய ஓரறை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். அப்பா தொழிற்சாலையில், அம்மா மலையில் கொழுந்து. படித்தேன், தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனேன், சபையில் வேலை கிடைத்தது. அதை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாரையும் போலத்தான் படித்தேன், எல்லாரையும் போலத்தான் பயந்தேன். ரோடு, தண்ணீர் ஓடும் கான், பாலம் எல்லாவற்றையும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வேலி, மதில் முறைப்பாடுகள் என் மேசைக்கு வந்தன. யாரும் விரும்பாத வேலை அது. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், அளக்கப் போனவளைக் கண்டதும் ஒற்றுமையாகிவிடுவார்கள்.

சட்டம் கேட்க எளிது. ரோட்டோரம் மதில் கட்டுவதற்கு முன்னால் சபையில் அனுமதி எடுக்க வேண்டும். வளைவிலும் சந்தியிலும் இடுப்புக்கு மேலே போகக் கூடாது. நடைபாதைப் பக்கம் முள்ளுக்கம்பியோ கூரான தகரமோ ஆளுக்கு எட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது. கேட் ரோட்டுப் பக்கமாகத் திறக்கக் கூடாது. பன்றிக்கு என்று சொல்லிக் கம்பியில் கரண்ட் கொடுக்கவே கூடாது. இவ்வளவுதான். ஆனால் எங்கள் பக்கம் சமதரை என்று ஒன்று கிடையாது. மலையில் ஒரு மதிலுக்கு இரண்டு உயரம் இருக்கும். வீட்டுக்காரர் உள்ளே நின்று அளந்து மார்பளவுதானே என்பார். வெளியே ரோட்டில் நின்று பார்த்தால் தலைக்கு மேலே நிற்கும். எந்தப் பக்கம் நின்று அளப்பது என்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

குணதிலக்க சேர் முதலில் அளக்கவே மாட்டார். நல்ல பருமனான மனிதர், முதுகுவலிக்காரர். மதிலுக்கு முன்னால் போனதும் குடையை என்னிடம் கொடுத்துவிட்டு, காற்சட்டையை முழங்காலில் கொஞ்சம் இழுத்துவிட்டு, அப்படியே ரோட்டோரத்தில் குந்திவிடுவார். முதலாம் வகுப்புப் பிள்ளையின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்துக்கு அவர் கண் வந்துவிடும். அங்கிருந்து வலதுபக்கம் பார்ப்பார், இடதுபக்கம் பார்ப்பார். பிறகு டிரைவர் வரும் இடத்தில் என்னை நிற்கச் சொல்லி, "நங்கி, தெரியிறேனா?" என்று கேட்பார்; நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை. எல்லாம் முடிந்த பிறகுதான் நாடா வெளியே வரும். எழும்புவதற்கு என் தோளைப் பிடித்துக்கொள்வார்.

அவருடைய இன்னொரு வழக்கம் தேத்தண்ணி. எங்கள் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் தேத்தண்ணி வந்துவிடும், சண்டைக்காரன் வீடாக இருந்தாலும். குடித்துவிட்டால் அந்த வீட்டு மதிலைக் குறை சொல்ல மனம் வராது என்பது அவர் கட்சி. அதனால் கேட்டடியில் நின்றே, வரலாமா என்று கேட்பார். உள்ளே போனதும் விஷயத்தைச் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு தேத்தண்ணி வந்தால் சந்தோஷமாகக் குடிப்பார். வராவிட்டால் தாகத்தோடு திரும்புவோம். தாகத்தோடு திரும்பிய நாட்களே அதிகம்.

ஒருமுறை டவுனில் துணிக்கடை வைத்திருந்த, ஊரார் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் முதலாளி ஒருவர், பின்பக்க மதிலின் மேல் போத்தல் துண்டுகளைப் பதித்திருந்தார். மதில் தாழ்வானது. அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போகும் நடைபாதை. பிள்ளைகள் மதிலில் கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே போகிற வயது.

"கள்ளன் வந்தா என்ன செய்றது மாத்தயா?" என்றார் நானா, சேரைப் பார்த்து.

"கள்ளன் என்னைக்காவது ஒரு நாள் வருவான் முதலாளி. பிள்ளைங்க தினம் வருதே" என்றார் சேர், தன் உடைந்த தமிழில்.

நானா கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு கடைப் பையனைக் கூப்பிடாமல் தானே சுத்தியலை எடுத்துவந்து துண்டுகளைத் தட்டி எடுத்தார். அன்று தேத்தண்ணியோடு வட்டிலப்பமும் கிடைத்தது. எல்லா முறைப்பாடும் அப்படி இனிப்பாக முடியவில்லை.

நான் ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் வேலையில் ஒரு மாற்றம் வந்தது. தோட்டத்து ஆட்களுக்குத் தனிவீடும் ஏழு பேர்ச் காணியும் கிடைக்கத் தொடங்கின. சிலருக்குக் காணி உறுதிப் பத்திரமும் கையில் வந்தது. அதுவரை எங்கள் சனத்துக்கு வேலிச் சட்டம் தேவைப்பட்டதே இல்லை. லயத்தில் ஏது வேலி? காம்பரா அறைக்கு முன்னால் ஒரு வாசல், அது எல்லாருக்கும் வழி. கோழிக்காக நாலு தேயிலை மிலாறுக் குச்சியை நட்டுக் கட்டுவதற்குக்கூடத் தோட்ட ஆபீஸில் கேட்க வேண்டும். அப்படி இருந்தவர்களுக்குச் சொந்தக் காணி வந்ததும், ஜன்னலுக்குக் கதவு போடுவதற்கு முன்னாலேயே வேலி போட்டுவிட்டார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அளக்கப் போன இடத்தில் பல தடவை கண் கலங்கியிருக்கிறேன், பனி என்று சொல்லித் துடைத்திருக்கிறேன்.

கேட்கும் பழக்கம் மட்டும் அவர்களை விடவில்லை. உறுதி கையில் இருக்கும் ஒரு பெரியவர் என்னிடம், "மிஸ், வாசல்ல ஒரு ரோசாச் செடி வைக்கலாமாங்க?" என்று கேட்டார். வையுங்கள் என்றேன். "எழுதித் தருவீங்களா?" என்றார்.

பாக்கியமக்கா விஷயம் அந்த நாட்களில்தான் வந்தது.

ராகலையிலிருந்து அவ்வளவு தூரமில்லாத ஒரு தோட்டத்தில், ரோடு வளைந்து இறங்கும் இடத்தில் புதிய வீடுகள் வரிசையாக இருந்தன. வீடுகள் எல்லாம் ரோட்டுக்குக் கீழே, சரிவில். அங்கிருந்து பிள்ளைகள் படியேறி ரோட்டுக்கு வந்து ஸ்கூல் வேனுக்கு நிற்பார்கள். அந்தப் படிக்குப் பக்கத்தில், சரியாக வளைவின் உள்பக்கத்தில், ஒரு சிமெந்துக் கல் மதில் எழும்பியிருந்தது. மேலேயிருந்து மரக்கறி லொறி வரும்போது, படியேறி வரும் பிள்ளை தெரியவே தெரியாது என்று வேன் டிரைவர் முறைப்பாடு கொடுத்திருந்தார்.

முதல் நாள் நான் தனியாகப் போனேன். பாக்கியமக்கா கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். புருஷன் இல்லை. மகன் கொழும்பில் கடையில் வேலை. மருமகளும் அவரும் அந்த வீட்டில். சிறிய உருவம், கூடைக் கயிறு அழுத்திய தடம் முன்நெற்றி முடியோரத்தில் இன்னும் இருந்தது. சேர் சொல்லித் தந்தபடி, கேட்டடியிலேயே பேச்சைத் தொடங்கினேன்.

"அக்கா, மதில் உயரமா இருக்குது. வளைவுல இடுப்பளவுக்கு மேல கட்ட ஏலாது. கொறைக்கணும். அனுமதியும் எடுக்கலையே நீங்க."

"எடுக்காம கட்டுவனா?" என்றார் அவர், கோபமில்லாமல். "பெரிய கிளாக்கரையாகிட்ட கேட்டுத்தான் கட்டுனேன்."

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. சபையில் பெரிய கிளாக்கர் என்று யாரும் இல்லை. அவர் சொன்னது தோட்ட ஆபீஸ் கிளாக்கரை.

"ஆபீசுக்கு நடையா நடந்தேங்க. வழக்கம் போல ஜன்னலுக்கு வெளிய நிக்க வச்சு, யோசிச்சிச் சொல்றேன், நாளைக்கு வான்னாரு. நாளைக்குப் போனா, மறுபடி நாளைக்கு வான்னாரு. கடைசியா, சரி கட்டிக்க பாக்கியம்னு சொன்னாரு. நல்ல மனுசன். அவரு சொன்ன பொறவுதான் மொதக் கல்லு வச்சேன்."

அந்த ஜன்னல் எனக்கும் தெரியும். என் அப்பா அதற்கு வெளியே நின்றிருக்கிறார், நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். "நாளைக்கு வா" என்பதுதான் அந்த ஜன்னலின் பதில். காணி உறுதியில் தன் பேர் இருக்கும் ஒரு மனுஷி, தன் காணியில் தன் மதிலைக் கட்ட, அந்தக் காணியோடு இனி எந்தச் சம்பந்தமும் இல்லாத ஓர் ஆளிடம் போய் நின்றிருக்கிறார். எங்கள் சனத்தைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு பிழை வராது. கோபம் வந்தது எனக்கு, ஆனால் அதை யார்மேல் காட்டுவது?

"அக்கா, அவரு சொல்றதுக்கு இதுல ஒன்னுமில்ல. இது உங்க காணி. ரோட்டுக்காகச் சபையிலதான் கேக்கணும்."

"வாங்க" என்று மட்டும் சொல்லி என்னை உள்ளே கூட்டிப்போனார். மதிலுக்குப் பின்னால் மெழுகிய சிமெந்துத் தரை. ஒரு நீலப் பீப்பாய். ரோட்டுக் கானோரத்து ஊற்றிலிருந்து ஹோஸ் வழியாக வந்த தண்ணீர் அதில் விழுந்துகொண்டிருந்தது. துவைக்க ஒரு கல். மதிலிலேயே ஒரு கல்லை எடுத்துவிட்டுச் சவர்க்காரம் வைக்க மாடம். ஆணியில் ஒரு சின்னக் கண்ணாடி.

"இதுக்குத்தான்" என்றார். "ரோட்டுல போற பஸ்ஸுல இருந்து பாத்தா எங்க வாசல் முழுக்கத் தெரியும். நான் வயசுக்கு வந்ததுல இருந்து பீலிக்கரையிலதான் குளிச்சிருக்கேன். மேல் பாதையில பெரட்டுக்கு வேல பதியப் போற ஆளுக போகும். பாவாடைய மாருக்கு மேல கட்டிக்கிட்டு, தலைய நிமிராம, நனைஞ்சும் நனையாமத்தான் குளிப்போம். இந்த மதிலு வந்த பொறவுதாங்க நிமிந்து நின்னு குளிக்கிறேன். என் மருமக பாட்டுப் பாடிக்கிட்டுக் குளிக்கிறா. கொறைக்கச் சொல்றீங்களே."

நானும் லயத்துக்கே பொதுவான பீலிக்கரையில், திறந்தவெளித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள். அம்மா சேலையைப் பிடித்து மறைப்பாக நிற்க, அவசர அவசரமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேன். வேலை கிடைத்து வாடகை வீட்டுக்குப் போன முதல் நாள், குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, தண்ணீரைத் திறக்காமல் சும்மா நின்றது இன்னும் நினைவிருக்கிறது. அவர் தேத்தண்ணி கொண்டுவந்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன், சட்டப்படி குடிக்கலாம். குடிக்க முடியவில்லை.

ஆபீஸுக்கு வந்து சேரிடம் வாதாடினேன். இதை மட்டும் விட்டுவிடுவோம், வேறு எச்சரிக்கைப் பலகை வைப்போம், லொறிக்காரர்களை மெதுவாக வரச் சொல்வோம் என்றேன். சேர் முழுவதையும் கேட்டார். மேசையில் இருந்த பென்சிலை எடுத்து வைத்தார்.

"நங்கி, குளிக்கிற இடத்த நகர்த்தலாம். ரோட்ட நகர்த்த ஏலாது" என்றார். "நாளைக்கு ரெண்டு பேரும் போவோம். ஆட்டோவுல போவோம்."

ஏன் ஆட்டோ என்று அடுத்த நாள் தெரிந்தது. சேர் கேட்டடியில் நின்று, "அம்மா, உள்ள வரலாமா?" என்று கேட்டார். பாக்கியமக்கா வாங்க மாத்தியா என்று சொல்லும்வரை ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. போய்க் குளிக்கும் இடத்தைப் பார்த்தார். நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள் என்றார். பிறகு வீட்டுக்குப் பின்னால் போய், சரிவையும் வீட்டு நிழலையும் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அம்மா, கொஞ்சம் ரோட்டுக்கு வாங்க. ஒரு வேல செய்வோம். நீங்க டிரைவர். நான் பிள்ள."

ஆட்டோக்காரர் இறங்கிக்கொண்டார். வளைவுக்கு மேலே, லொறி இறங்கும் பக்கத்தில் நிறுத்தியிருந்த ஆட்டோவின் முன் இருக்கையில் பாக்கியமக்காவை ஏற்றினோம். வாழ்க்கையில் முன் இருக்கையில் உட்கார்ந்ததில்லை என்று வெட்கப்பட்டார். ஹேண்டிலைப் பிடிக்கச் சொன்னேன், பிடித்தார். சேர் படிக்குக் கீழே இறங்கிப் போனார். அங்கே குந்தினார். அந்தப் பெரிய உடம்போடு, குந்தியபடியே, வாத்து போல ஒவ்வொரு படியாக ஏறத் தொடங்கினார். வீட்டு வாசல்களில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அம்மா, தெரியிறேனா?" மதிலுக்குப் பின்னாலிருந்து சேரின் குரல் வந்தது.

"தெரியலைங்க மாத்தியா." பாக்கியமக்காவும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"இப்ப?"

"இல்லைங்க."

"இப்ப?"

"இல்லைங்களே."

அடுத்த கணம் ஆட்டோவுக்கு எதிரே ரோட்டிலேயே சேரின் வழுக்கைத் தலை இருந்தது. ஆட்டோ நின்றுகொண்டிருந்த ஆட்டோதான். ஆனாலும் பாக்கியமக்கா "அய்யோ" என்று ஹேண்டிலை ஒடித்துத் திருப்பினார். சிரித்துக்கொண்டிருந்த பெண்களும் சத்தம் அடங்கிப் போனார்கள். ஒவ்வொருத்தியின் பிள்ளையும் அந்தப் படியால்தான் ஏறுகிறது.

பாக்கியமக்கா ஹேண்டிலை விடாமல் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் மறைப்பக் கட்டுனேன்னு நெனச்சேன். இதப் பாக்கலையே" என்றார். நான் அவர் கையைப் பிடித்து இறக்கினேன்.

சேர் என் தோளைப் பிடித்து எழும்பி, மூச்சு வாங்கிக்கொண்டு யோசனையைச் சொன்னார். குளிக்கும் இடத்தை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோகலாம். அங்கே ரோட்டுக்கும் குளிக்கும் இடத்துக்கும் நடுவில் வீடே மறைப்பாக நிற்கும். மிச்சப் பக்கங்களுக்கு எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் கட்டலாம், ரோட்டோரம் இல்லை, யார் கண்ணையும் மறைக்காது. இங்கே எடுக்கும் மேல்வரிசைக் கல்லே அங்கே போதும். ஹோஸ்தான் நீளம் வேண்டும்.

"கல்ல நானே எடுக்குறேன். ஆள வச்சு ஒடைக்காதீங்க" என்றார் பாக்கியமக்கா.

"நீங்கதான் எடுக்கணும். உங்க கல்லு தானே."

"ஒன்னு கேக்கவா மாத்தியா?" பாக்கியமக்கா தலையை நிமிர்த்தினார். "என் காணின்னு சொல்லித்தான் உறுதி குடுத்தாங்க. இந்த மிஸ்ஸும் என் காணின்னுதான் சொல்றாங்க. அப்புறம் கொறைக்கவும் சொல்றீங்க. முந்தி தோட்டத்துல கேட்டோம், இப்ப சபையில கேக்கச் சொல்றீங்க. இது நெசமா என் காணிதானா?"

சேர், "என் வீட்டு மதிலையும் இதே ஆபீஸ் கொறச்சிச்சு அம்மா. அப்பவும் அது என் காணிதான்" என்றார். "ரோட்டுல போற ஆளுக்காகச் சட்டம் இருக்கு. அது உங்களுக்கும் எனக்கும் ஒன்னுதான். உள்ள யாரு வரலாம், வரக் கூடாது, அத நீங்கதான் சொல்லணும். நானும் கேட்டுட்டுத் தானே வந்தேன்?"

"ஆமா. கேட்டீங்க."

"கேக்காம வந்தா, போன்னு சொல்லலாம்."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

"கிளாக்கரையாவா இருந்தாலுமா?"

"அவரும்தான்."

அன்று தேத்தண்ணி குடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கல்லை எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். சிமெந்து பிடித்த சில கற்கள் உடைந்தன. மற்றதைக் கை மாற்றிக் கை மாற்றிப் பின்பக்கம் கொண்டுபோனார்களாம். ஹோஸை சேர்தான் கொடுத்தனுப்பினார், தன் வீட்டு லீக்ஸ் பாத்திக்குப் பாவித்த பழசு. அது மூன்று நாலு இடத்தில் ஒழுகியது. மாத்தியா குடுத்த குழாயால எங்க வீட்டுக் கத்தரிக்காய்க்கும் சேர்த்துத் தண்ணி போகுது என்று பாக்கியமக்கா என்னிடம் சொல்லிவிட்டார், நான் சேரிடம் அப்படியே சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார்.

வேலை சரியாக முடிந்ததா என்று பார்த்து அறிக்கை எழுத வேண்டியது என் வேலை. ஒரு காலைநேரம் போனேன். வளைவில் மதில் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. ஒழுங்காகப் பூசி, மேல்விளிம்பைக் கை கிழிக்காதபடி உருட்டியிருந்தார்கள். படியேறி வரும் பிள்ளையின் தலையும் புத்தகப் பையும் மேலேயிருந்தே தெரிந்தன. நான் குந்திப் பார்த்தேன், எழும்புவதற்குப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லாததால் பாக்கியமக்காவின் மதிலையே பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் அந்தப் பக்கமாக வந்தார். கீழே உள்ள தோட்டத்துக் கான் அடைத்துக்கொண்டதாம், பார்க்கப் போகிறார். பாக்கியமக்காவின் வாசலால் போனால் சுருக்கு வழி. அவர் கெட்டவர் இல்லை. காலம் முழுக்க லயத்து வாசல்களுக்குள் நடந்து பழகிய மனிதர், அவ்வளவுதான். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, தாழ்ந்த மதிலில் ஒரு கையை ஊன்றி, ஒரு காலைத் தூக்கி வாசல் பக்கம் போட்டார்.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த பாக்கியமக்கா நிமிர்ந்தார்.

"ஐயா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். விளக்குமாற்றைக் கீழே வைக்கவில்லை, அந்த இடத்தைவிட்டு நகரவும் இல்லை.

கிளாக்கர் அந்த ஒற்றைக் காலோடு மதிலின் மேல் நின்றார். அவர் முகத்தில் முதலில் ஒன்றும் விளங்காத பார்வை. பிறகு மெதுவாக விளங்கியது. காலை எடுத்தார். காற்சட்டையைத் தட்டிக்கொண்டு சுற்றி வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்.

"பாக்கியம், கானப் பாக்கணும். உள்ள வரலாமா?"

பாக்கியமக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். கையை முந்தானையில் துடைத்தார். கிளாக்கரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

"யோசிச்சிச் சொல்றேங்க. நாளைக்கு வாங்க" என்றார், மரியாதையாக.

கிளாக்கர் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது போல, தலையைக் குனிந்துகொண்டு, "சரி, நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு ரோட்டால் சுற்றிப் போனார்.

பாக்கியமக்கா கேட்டைத் திறந்தார். அது உள்பக்கமாகத் திறந்தது, அதையும் சரியாகத்தான் போட்டிருந்தார். "நீ வா புள்ள உள்ள" என்றார். நான் முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், மதில் சரி அக்கா, அறிக்கையில் அப்படியே எழுதுகிறேன் என்று. பிறகு வாசற்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தோம். பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விழும் சத்தமும், மருமகள் பாடிக்கொண்டே குளிக்கும் சத்தமும் வந்தன.

மறுநாள் கிளாக்கர் வந்தார், கேட்டார், பாக்கியமக்கா கேட்டைத் திறந்துவிட்டார். அதைப் பிறகொரு நாள் அக்காவே எனக்குச் சொன்னார். நேற்றே விட்டிருக்கலாமே அக்கா, கான் அடைத்தால் உங்கள் வாசலுக்கும்தானே தண்ணீர் வரும் என்று நான் சும்மா சீண்டினேன்.

"விட்டிருக்கலாம்தான் புள்ள" என்றார் அவர். "நான் பொறந்ததுல இருந்து கேட்டுக்கிட்டே இருந்த வார்த்த. ஒரு தடவ சொல்லிப் பாக்கணும்னு இருந்துச்சு."